எந்த வீட்டுக்கு வரும் மருத்துவமனை?

2020இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் லெவினும் அவருடைய குழுவினரும் செய்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, வார்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்த 91 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 48 பேர் வழக்கம்போல வார்டுக்குப் போனார்கள். 43 பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் பின்னாலேயே மருத்துவமனையும் போனது. நரம்பு வழியாக மருந்து, ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனை, நாள்தோறும் மருத்துவர், நாளுக்கு இருமுறை செவிலியர், உடலில் ஒட்டிய சிறு கருவி வழியாகத் தொடர் கண்காணிப்பு எல்லாம் வீட்டிலேயே கிடைத்தன. செலவு 38 விழுக்காடு குறைந்தது. 30 நாட்களுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டிவந்தவர்கள், வார்டில் இருந்தவர்களில் 23 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்களில் 7 விழுக்காடு.

இந்த எண்களைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்று வகுத்த விதிகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளி மருத்துவமனையிலிருந்து சில மைல்களுக்குள் குடியிருக்க வேண்டும். வீடற்றவர்களுக்கு இடமில்லை. குளிர்காலத்தில் வெப்பமூட்டி வேலை செய்யாத வீடு, கோடையின் சுடுநாட்களில் ஏசி இல்லாத வீடு, குழாயில் தண்ணீர் வராத வீடு ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும் இல்லை. வீட்டில் அடி உதை நடக்கிறது என்று விசாரிப்பில் தெரிந்தால் அவர்களுக்கும் இல்லை.

பொறுப்புள்ள எந்த மருத்துவரும் இப்படித்தான் விதி எழுதுவார். நிமோனியாவோடு இருக்கும் முதியவரைக் கணப்பு இல்லாத அறையில் கிடத்த யாருக்கு மனம் வரும்? புதிய முறை ஒன்று பாதுகாப்பானதா என்று சோதிக்கும் கட்டத்தில் இந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் சோதனை முடிந்து, அரசுப் பணத்தில் நாடு முழுக்க நடக்கும் திட்டமாக அது வளர்ந்த பிறகும் அதே விதிகள் அப்படியே தொடர்ந்தால், அவற்றின் வேலை மாறிவிடுகிறது. நோயாளியைக் காப்பதற்காக எழுதியவை, நல்ல வீடு உள்ளவரை உள்ளே விட்டு மற்றவரை வெளியே நிறுத்தும் வாசற்கதவாகின்றன.

மருத்துவமனையை வீட்டுக்கே அனுப்பும் எண்ணம் தொடங்கிய இடத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1947இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள மான்டிஃபியோரி மருத்துவமனையில் இ.எம். புளூஸ்டோன் என்ற நிர்வாகி வீட்டுச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மார்ட்டின் செர்காஸ்கி என்ற இளம் மருத்துவர் அதை நடத்தினார். நாள்பட்ட நோயாளிகளால் படுக்கைகள் நிரம்பிக் கிடந்த காலம் அது. அவர்கள் வீட்டுக்கு அனுப்பியவை மருந்தும் செவிலியரும் மட்டும் அல்ல. சமூகப் பணியாளர் போனார். வண்டி வசதி இருந்தது. சமைக்கவும் துடைக்கவும் ஆள் தேவைப்பட்டால் அதையும் மருத்துவமனையே ஏற்பாடு செய்தது. வார்டில் நோயாளிக்கு என்னென்ன கிடைக்குமோ அவை வீட்டிலும் கிடைக்க வேண்டும், இல்லாததை நிறுவனம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்தக் கட்டுரையின் மையமே இந்தக் கணக்குதான்.

மான்டிஃபியோரியைப் பார்த்து பிரான்ஸ் கற்றுக்கொண்டது. பாரிஸ் நகரப் பொது மருத்துவமனைகள் 1957இல் இதை முறையாக நடத்தத் தொடங்கின. 1970ஆம் ஆண்டு மருத்துவமனைச் சட்டம் இதற்குச் சட்ட ஏற்பு தந்தது. 2007இல் ஓர் ஆணை, முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் இந்தச் சிகிச்சையைப் பெறலாம் என்றது. ‘வீடு’ என்றால் சொந்த வீடோ வாடகை வீடோ மட்டும்தான் என்ற வரையறையை அந்நாடு சட்டத்தாலேயே அகலமாக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1994இல் இதைத் தொடங்கியது. அங்கே வீட்டில் படுத்திருக்கும் நோயாளி மருத்துவமனைப் பதிவேட்டில் உள்நோயாளியாகவே இருப்பார். நோய்க்கேற்ற கட்டணத்தை அரசு மருத்துவமனைக்கு அப்படியே தரும். நோயாளி தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதை மறுபடி உயிர்ப்பித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் புரூஸ் லெஃப். தொண்ணூறுகளின் நடுவில் 17 நோயாளிகளோடு தொடங்கினார். 2005இல் 455 முதியவர்களைக் கொண்ட அவருடைய ஆய்வு வெளிவந்தது. நிமோனியா, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, தோலடித் தொற்று என்ற நான்கே நோய்கள். வார்டில் ஆனது 7,480 டாலர், வீட்டில் ஆனது 5,081 டாலர் என்ற கணக்கை நிர்வாகிகள் கவனித்தார்கள். நான் கவனிப்பது வேறோர் எண்ணை. மருத்துவமனைப் படுக்கையில் முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பம், அதாவது இரவு பகல் தெரியாமல் ஆளை மறந்து பிதற்றும் நிலை, வார்டில் 24 விழுக்காட்டினருக்கு வந்தது. வீட்டில் 9 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. பிரிட்டனில் சாஷா ஷெப்பர்டு தலைமையில் 1,055 முதியவர்களிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து முதியோர் காப்பகத்துக்குப் போய்ச்சேர்ந்தவர்கள் வார்டுக் குழுவில் 8.7 விழுக்காடு, வீட்டுக் குழுவில் 5.7 விழுக்காடு. ஆக வீட்டுச் சிகிச்சையை வெறும் சொகுசு என்று தள்ள முடியாது. தெளிந்த மனதோடு, தன் கையால் உண்டு, தன் வீட்டிலேயே எஞ்சிய காலத்தைக் கழிக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. யாருக்கு அது கிடைக்கிறது என்ற கேள்விக்குக் கனம் வருவது இதனால்தான்.

கோவிட் காலத்தில், 2020 நவம்பர் 25 அன்று, அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் இதற்குப் பெரிய கதவைத் திறந்தது. மருத்துவமனை என்றால் 24 மணி நேரமும் செவிலியர் அங்கேயே இருக்க வேண்டும் என்ற விதியை வீட்டுச் சிகிச்சைக்காகத் தளர்த்தியது. பதிலாக நிபந்தனைகள் வைத்தது: நாளுக்கு இருமுறை ஆள் நேரில் போக வேண்டும், மருத்துவர் நாள்தோறும் நேரிலோ திரையிலோ பார்க்க வேண்டும், ஆபத்து என்றால் 30 நிமிடத்துக்குள் உதவி வந்துசேர வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்தோ வார்டிலிருந்தோதான் நோயாளியை வீட்டுக்கு மாற்றலாம். வார்டுக்குத் தரும் அதே கட்டணத்தை வீட்டுக்கும் தந்தது. ஆறு மருத்துவமனை அமைப்புகளோடு தொடங்கியது, ஐந்தாண்டுகளில் 39 மாநிலங்களில் ஏறக்குறைய 400 மருத்துவமனைகளாகப் பெருகியது.

யாருக்குக் கிடைத்தது? நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டபடி அந்த நிர்வாகமே 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் வெள்ளையர் விகிதம் கூடுதல். நகரவாசிகள் கூடுதல். வறியோருக்கான மெடிகேய்ட் காப்பீட்டிலோ குறைந்த வருமானத்தோருக்கான மருந்துச் சலுகையிலோ இருப்பவர்கள் குறைவு.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னோர் ஆய்வு அதே ஆண்டு ஜனவரியில் வந்தது. லெவினும் சக ஆய்வாளர்களும் மெடிகேர் பதிவேடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டு நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக் காலத்தில் இறந்தவர்கள் 0.5 விழுக்காடு. வார்டுக்குத் திரும்ப வேண்டிவந்தவர்கள் 6.2 விழுக்காடு. நிறம், வறுமை, உடற்குறை என்ற பிரிவுகள் வாரியாகப் பார்த்தபோதும் மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஏழைகளின் வீட்டில் இந்தச் சிகிச்சை பலிக்காது என்ற அச்சம் பலர் மனதில் உண்டு. உள்ளே வந்துவிட்ட ஏழை நோயாளி மற்றவரைப் போலவே தேறுகிறார் என்கிறது இந்த ஆய்வு. உள்ளே வந்த ஏழைகள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள், அதனால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது என்பது நியாயமான மறுப்பு. என்றாலும் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று இது விரல் நீட்டுகிறது. சிகிச்சையில் அல்ல, சேர்க்கையில்.

சேர்க்கையின் முதல் சல்லடை நோயாளி வாசலுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வாகனங்கள், தொலைக் கண்காணிப்பு மையம், நடமாடும் மருந்தகம் எல்லாவற்றுக்கும் முதலீடு வேண்டும். அது பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளிடம் இருக்கிறது. கிராமப்புறச் சிறு மருத்துவமனைக்கு 30 நிமிட விதியே மலைப்பு. போதாததற்கு இந்த அனுமதியை நாடாளுமன்றம் சில மாதங்கள், ஓரிரு ஆண்டுகள் என்று துண்டு துண்டாக நீட்டித்துவந்தது. 2025 அக்டோபர் 1 அன்று அரசு நிர்வாகம் முடங்கியபோது அனுமதியும் காலாவதியானது. வீட்டில் சிகிச்சையில் இருந்தவர்களை டிஸ்சார்ஜ் செய்யவோ வார்டுக்கு அழைத்துவரவோ வேண்டியதாயிற்று. நவம்பரில் மீண்டும் அனுமதி வந்தது. நாளை இருக்குமா என்று தெரியாமல் இருந்த திட்டத்துக்குக் கையிருப்பு மிகுந்தவர்தான் பணம் போட முடிந்தது. மெடிகேய்ட் விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. மாநிலம் பணம் தராத இடத்தில் ஏழை நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்க மருத்துவமனைக்குத் தூண்டுதல் எதுவுமில்லை. நியூ மெக்சிகோவின் பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனை அமைப்பு, அதே நிறுவனம் நடத்தும் காப்பீட்டுத் திட்டத்தின் துணையோடு, 2008 முதலே மெடிகேய்ட் உறுப்பினர்களையும் இதில் சேர்த்துக்கொண்டது. பணம் வரும் வழியைச் சரிசெய்தால் கதவு திறக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

அடுத்தது வீடு. மெடிகேரின் நிபந்தனைகளிலேயே தண்ணீர், மின்சாரம் போன்றவை வேலை செய்கின்றனவா, படிக்கட்டு போன்ற தடைகள் உண்டா, வீட்டு வன்முறை உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. விசாரிப்பது நல்லதே. விசாரித்து ஒரு குறை தெரிந்த பிறகு மருத்துவமனை என்ன செய்கிறது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன. இணைய வசதி இல்லாத வீட்டுக்குப் பல மருத்துவமனைகள் சிம் பொருத்திய டேப்லெட்டைக் கொடுத்தனுப்புகின்றன. அதை ஒரு குறையாகவே அவை கருதுவதில்லை. அப்படியானால் சூடேற்றியைக் கொடுத்தனுப்ப முடியாதா? வாடகைக்கு ஒரு ஏசி? ஐந்து நாளுக்குச் சாப்பாடு? ஒரு நாள் வார்டுப் படுக்கைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை சிறிய தொகைகள். கண்காணிப்புக் கருவியை மருத்துவச் செலவாகவும் சூடேற்றியைக் குடும்பச் செலவாகவும் பார்க்கும் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. வார்டில் சுவர், விளக்கு, தண்ணீர், கஞ்சி எல்லாம் சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடக்கம். வீட்டுச் சிகிச்சைக்கு அதே கட்டணத்தைப் பெறும் மருத்துவமனை, அவற்றை நோயாளியின் தலையில் இறக்கிவைக்கிறது. 1947இல் புளூஸ்டோனும் செர்காஸ்கியும் இறக்கிவைக்கவில்லை.

வீட்டைவிடப் பெரிய சல்லடை வீட்டில் யார் இருக்கிறார் என்பது. குழு நாளுக்கு இருமுறை வருகிறது. மீதி நேரத்தில் நோயாளியைக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போவது, நள்ளிரவில் டிரிப்ஸ் இயந்திரம் ஒலியெழுப்பினால் எழுந்து பார்ப்பது, மூச்சின் மாற்றத்தைக் கவனிப்பது எல்லாம் யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அமெரிக்கச் செவிலியர் சங்கமான நேஷனல் நர்சஸ் யுனைடெட் 2022 முதல் இந்தத் திட்டத்தை எதிர்த்துவருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்: பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை, கூலியில்லாமல் குடும்பத்தின் மேல் ஏற்றப்படுகிறது என்கிறார்கள். திட்டத்தையே கைவிட வேண்டும் என்ற அவர்களுடைய முடிவை நான் ஏற்கவில்லை; ஆய்வுகள் காட்டும் நன்மை அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் அவர்கள் காட்டும் இடம் உண்மையாகவே புண்பட்ட இடம். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்புத் தருகிறது, ஊதியம் இல்லாமல். 50 பேருக்குக் குறைவானோர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்துக்கு அதுவும் பொருந்தாது. மணிக்கூலி வாங்கும் மகள் அம்மாவுக்காக ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அந்த வாரக் கூலி போச்சு. மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்வார். ‘வீட்டில் வைத்துப் பார்க்க விருப்பமா?’ என்ற ஒரே கேள்விக்கு இந்த இருவரும் தரும் பதில் ஒன்றாக இருக்க முடியாது. மறுத்தவரை ‘விருப்பமில்லாதவர்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் வறுமை விருப்பமாக வேடம் போட்டுக்கொள்கிறது.

கருவியிலும் பாகுபாடு ஒளிந்திருக்கலாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நாம் எல்லோரும் அறிவோம். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜனைக் கணக்கிடும் கருவி அது. தோலின் நிறமி அந்த ஒளியை உறிஞ்சும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சோடிங்கும் குழுவினரும் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. அதே குளிர்காலத்தில் இங்கிலாந்தில் கோவிட் நோயாளிகளுக்கு ஆக்சிமீட்டரைக் கொடுத்து வீட்டிலேயே கண்காணித்தார்கள். 92க்கு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போ என்பது அறிவுரை. வார்டில் செவிலியர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; முகத்தைப் பார்க்கிறார், உதட்டு நிறத்தைப் பார்க்கிறார், பேச்சு திணறுவதைக் கேட்கிறார். வீட்டில் எண்ணே எஜமான். 93 காட்டும் கருவியை நம்பிக் கரிய தோலுடைய ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையில் பிரிட்டன் அரசு அமைத்த குழு, மருத்துவக் கருவிகளில் உள்ள இத்தகைய சாய்வுகளைக் குறித்து 2024 மார்ச்சில் அறிக்கை தந்தது. இங்கிலாந்து அதற்குள் ‘விர்ச்சுவல் வார்டு’ என்ற பெயரில் 10,000 வீட்டுப் படுக்கைகள் என்ற இலக்கை எட்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இது அயல் செய்தி அல்ல. நம் விரல்களில் மாட்டியதும் இதே கருவிதான்.

நல்ல வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போனால் வார்டில் படுக்கை காலியாகும், ஏழைக்கு அது கிடைக்கும், பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் ஸ்டிரெச்சரில் காத்துக் கிடப்பவருக்கு ஒரு படுக்கை காலியாவது பெரிய செய்தி. ஆனால் மனக்குழப்பம் குறைவதும் காப்பகத்துக்குப் போகாமல் தப்புவதும் வீட்டில் சிகிச்சை பெற்றவருக்குக் கிடைக்கும் பலன்கள். காலியான படுக்கை அவற்றைத் தராது. இதன் மறுபக்கமும் கவலைக்குரியதே. படுக்கைத் தட்டுப்பாடு முற்றும்போது, வீட்டுக்குப் போக அஞ்சும் ஏழையை, மறுத்துப் பேசத் தெரியாத முதியவளை, மொழி புரியாத குடியேறியை ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. வேண்டும் என்பவருக்கு வழியும் வேண்டாம் என்பவருக்கு வார்டில் இடமும் சேர்ந்தே உறுதியாக வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சல்லடையை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டோம். கோவிட் தொற்று லேசாக இருந்தால் வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம் என்றது ஒன்றிய சுகாதாரத் துறை; அதற்கு வீட்டில் தனிமைப்பட வசதி வேண்டும், 24 மணி நேரமும் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தவை. தனி அறை உள்ளவர் வீட்டில் இருந்தார். ஒற்றை அறைக்காரர் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ ஏதோ ஒரு கல்லூரிக் கூடத்திலோ வரிசைக் கட்டிலில் படுத்தார்.

இப்போது சென்னை போன்ற நகரங்களில் வீட்டிலேயே ஐசியு அமைத்துத் தரும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. கையில் பணம் இருப்பவர்களுக்கான சேவை அது. நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறையில் ‘வீட்டில் உள்நோயாளிச் சிகிச்சை’ என்பதற்கு இரண்டே சூழல்கள்: நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் அறை கிடைக்காத நிலை. வீட்டில் இருப்பதே அவருக்கு நல்லது என்பது அங்கே காரணமாக ஏற்கப்படவில்லை. இதற்கு எதிர்த்திசையில் ஒரு முன்னுதாரணமும் இங்கேயே உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. வயிற்று வழி டயாலிசிஸ் உண்மையிலேயே மருத்துவமனைத் தரத்துச் சிகிச்சை. நாளுக்கு மூன்று நான்கு முறை இரண்டு லிட்டர் திரவத்தை மாற்ற வேண்டும். மாதத்துக்கு நூறு பைகள் அளவில் வைக்க இடம் வேண்டும். கை கழுவத் தண்ணீரும் தூசி பறக்காத ஒரு மூலையும் வேண்டும், இல்லையென்றால் வயிற்றுக்குள் தொற்று. பையைக் கொண்டுவரும் அரசு அந்த மூலையையும் குழாயையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா என்பதே அடுத்த கேள்வி. சேர்த்துக்கொண்டால், பணம் கட்டுபவரிடமிருந்து தொடங்காமல் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவரிடமிருந்து தொடங்கும் வீட்டு மருத்துவமனை ஒன்றை இங்கே கட்ட முடியும்.

அதற்குச் சரியான எண்களை எண்ணத் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருத்துவமனைகள் மூன்று விவரங்களைத் தொடர்ந்து தர வேண்டும்: எத்தனை பேருக்குச் சிகிச்சை தரப்பட்டது, எத்தனை பேர் வார்டுக்குத் திரும்பினார்கள், எதிர்பாராத இறப்புகள் எத்தனை. மூன்றுமே உள்ளே வந்தவர்களைப் பற்றியவை. நோயின் அளவில் தகுதி இருந்தும் வீட்டுக்கு அனுப்பப்படாதவர்கள் எத்தனை பேர், வீடு காரணமா, துணைக்கு ஆள் இல்லாதது காரணமா, தூரமா, மொழியா, காப்பீடா, மருத்துவரின் தயக்கமா என்ற நான்காவது கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு காரணத்தையும், அதைத் தீர்க்க ஆகியிருக்கும் செலவையும் எழுதிவைக்க மருத்துவமனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஓராண்டுக்குப் பின் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், எந்தத் தெருவில் சூடேற்றிகள் தேவை, எந்த மொழிக்கு ஆள் தேவை, எத்தனை மகள்களுக்கு ஒரு வாரக் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்கான தொகையை, வீட்டுச் சிகிச்சையால் மிச்சமாகிறது என்று சொல்லப்படும் அந்த 38 விழுக்காட்டிலிருந்தே எடுக்கலாம்.